‘இல்லை’ என்று வந்த காகிதம்

அத்தியாயம் 14

எய்ட்ஸ் என்ற சொல் ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயில் வாசலில் விழுந்தது. செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் ஐம்பது வீட்டு லயத்திலும் ஏறி இறங்கிவிட்டது. லயத்து நாய்கள் மட்டும்தான் சரோஜாவைப் பார்த்து இன்னும் வாலாட்டின.

அந்தச் சொல்லைப் போட்டவர் அந்நியர் இல்லை. சரோஜாவின் கொழுந்தனார், கோயில் தலைவர் வீரப்பன். இந்த வருடம் பால்குடம் எடுப்பவர்களின் பெயரை எழுதிக்கொண்டே வந்தார்கள். சரோஜாவின் பெயர் வந்ததும், “அதை அடிங்க” என்றார். ஏன் என்று நாலு பேர் கேட்டார்கள். முதலில் மழுப்பினார். அப்புறம் மைக் பக்கத்தில் இருப்பதையும் மறந்து சொல்லிவிட்டார்.

இரண்டு வருடமாக மூன்று பேருக்குள் இருந்த செய்தி அது. சரோஜா, மகள் திலகா, வீரப்பன். இப்போது ரிங்லெட் சந்தையில் கீரை விற்கிறவருக்கும் தெரியும்.

ஈப்போவில் வேலை பார்க்கும் திலகா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் பஸ் பிடித்து மேலே வந்து சேர்ந்தாள். அந்த லயத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். பட்டம் வாங்கிய அன்று மாலை போட்டு வரவேற்ற அதே லயத்தில், இன்று அவள் நடந்து வரும்போது ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

அம்மா வீட்டில் இல்லை. எங்கே இருப்பாள் என்று திலகாவுக்குத் தெரியும்.

ஆயாக்கொட்டகை. தோட்டத்துக்கும் ஃபேக்டரிக்கும் வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் எஸ்டேட் கொட்டகை. பத்தொன்பது வருடமாக அங்கே சரோஜாதான் ஆயா. பதினோரு பிள்ளைகள். நேற்று ஒரு பிள்ளைகூட வரவில்லை. இன்று கதவில் புதுப் பூட்டு.

பூட்டிய கதவுக்கு முன்னால் சரோஜா குனிந்து வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“பூட்டின கொட்டகைக்கு எதுக்கும்மா வாசல் கூட்டுற?”

“பூட்டினது அவங்க. குப்பை விழறது நிக்கலையே.”

திலகா விளக்குமாற்றைப் பிடுங்கப் போனாள். அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் ஏறி வந்து நின்றது. யோகேஸ்வரி. ஃபேக்டரியில் பொட்டலம் கட்டுகிறவள். முன்னால் அவளுடைய இரண்டு வயது மகள். சரோஜாவைப் பார்த்ததும் குழந்தை இரண்டு கையையும் நீட்டி, “ஆயா!” என்று தாவியது.

யோகேஸ்வரி சட்டென்று குழந்தையைப் பின்னால் இழுத்தாள். குழந்தை வீறிட்டது.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவோட பாயும் தலகாணியும் உள்ள இருக்கு. அதை எடுக்கத்தான் வந்தேன்.”

“சாவி ஆபீஸ்ல கிராணிகிட்ட இருக்கு” என்றாள் சரோஜா.

யோகேஸ்வரி போகவில்லை. கேட்க வந்தது பாயும் இல்லை, தலகாணியும் இல்லை.

“அக்கா… பாப்பாவுக்கு ரத்தம் டெஸ்ட் எடுக்கணுமா? நீங்க அவளுக்குச் சோத்தை ஊதி ஊதித்தானே ஊட்டுவீங்க.”

சரோஜாவின் விளக்குமாறு நின்றது. பதில் திலகாவிடமிருந்து வந்தது.

“உன் புருஷன் பாப்பா மூஞ்சியில சிகரெட் புகையை ஊதறானே, அதுக்கு டெஸ்ட் எடுத்தியா?”

“திலா, நான் பயந்துபோய்க் கேக்கறேன்லா. சண்டை போடாதே.”

“எச்சில்ல வராது. ஊதினா வராது. ஒரே தட்டுல தின்னா, ஒரே கப்புல குடிச்சா, தூக்கினா, முத்தம் குடுத்தா, ஒரே கக்கூஸுக்குப் போனா வராது. கொசு கடிச்சாக்கூட வராது. பாதுகாப்பில்லாத உடலுறவுல வரும். ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போட்டா வரும். கிருமி இருக்கிற அம்மா மருந்து எடுக்காம இருந்தா, வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் பால் குடிக்கிற பிள்ளைக்கும் வரலாம். இதுல எது எங்கம்மா உன் பாப்பாவுக்குச் செஞ்சாங்க, சொல்லு?”

யோகேஸ்வரியின் கண் நிறைந்துவிட்டது. “நீ படிச்சவ, உனக்குத் தெரியுது. எனக்கும் இப்பத் தெரியுது. என் மாமியாருக்கு யாரு சொல்றது? பாப்பாவைக் கொட்டகையில விட்டா வீட்டுக்குள்ள வராதேங்கறாங்க.”

அவள் குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டாள். தேயிலைச் சரிவு திரும்பும் வரைக்கும் ‘ஆயா, ஆயா’ என்ற அழுகை கேட்டது.

திலகாவுக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றி எரிந்தது. அப்பா மாடசாமி வெளியூருக்கு லோரி ஓட்டியவர். எங்கேயோ வாங்கி வந்தார். யாரிடமும் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்ததாகவும் அவளுக்குத் தெரியாது, மருந்து தின்னவில்லை. நெஞ்சு பூராவும் காசநோய் பரவிய பிறகு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். படுத்தவர் எழவில்லை. அவர் படத்துக்கு வீட்டில் மாலை. அம்மாவுக்கு? கொட்டகைக்குப் பூட்டு.

ஒன்பது மணிக்கு எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. கிராணி கூப்பிடுகிறார்.

கிராணி தர்மா ஆபீஸ் குமாஸ்தாதான். ஆனால் மேனேஜர் துரை கீழே கோலாலம்பூரில் மீட்டிங்கில் இருக்கும் நாட்களில் அவர்தான் துரை. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் வீரப்பன் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பட்டை, கையில் கோயில் மஞ்சள் கயிறு.

“அக்கா, நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க. காத்தோட்டமா இருக்கும்” என்றார் கிராணி.

மலைக்காற்றில் கை விறைக்கும் மார்கழிக் காலையில் காற்றோட்டம்! திலகா பல்லைக் கடித்தாள். சரோஜா போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு திறந்திருந்ததால் பேசுவது அவளுக்குக் கேட்டது.

ஆபீஸ் பையன் தேநீர் கொண்டு வந்தான். கிராணிக்குப் பீங்கான் கப். வீரப்பனுக்குப் பீங்கான் கப். திலகாவுக்குப் பீங்கான் கப். வராந்தாவில் இருந்தவளுக்கு, கடையில் கட்டிக் கொடுப்பது போல் பிளாஸ்டிக் பையில் பொங்குஸ் செய்து, உறிஞ்சு குழல் போட்டு.

தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, தேயிலை எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்டு, ஆயாவாகும் முன் பத்து வருடம் கொழுந்து பறித்தவளுக்குத் தேநீர் பிளாஸ்டிக் பையில்.

திலகா தன் கப்பை எடுத்தாள். வராந்தாவுக்குப் போனாள். அதை அம்மா கையில் கொடுத்துவிட்டு, பையை எடுத்து வந்து, கிராணியின் மேசைமுன் நின்று, குழலை வாயில் வைத்து உறிஞ்சினாள்.

“சொல்லுங்க அங்கிள். எதுக்குக் கூப்பிட்டீங்க?”

கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தாளை நகர்த்தினார். “ஒண்ணுமில்ல திலகா. அக்காவுக்கு உடம்பு சரியில்ல. அவங்களே வேலையை விட்டுக்கறதா ஒரு கடுதாசி. கையெழுத்துப் போட்டாப் போதும். மாசக் கடைசியில வீட்டுச் சாவியையும் குடுத்துட்டா…”

எஸ்டேட் வேலை இருக்கும் வரைதான் எஸ்டேட் வீடு. அதைச் சொல்லாமலே சொல்லிவிட்டார்.

“எங்கம்மாவுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. நேத்துகூட வேலைக்கு வந்தாங்க. நீங்கதான் பூட்டினீங்க.”

வீரப்பன் நடுவே வந்தார். “திலகா, பெரியவங்க பேசறப்ப கொஞ்சம் அடக்கமாப் பேசு. நான் அண்ணியோட நல்லதுக்குத்தான் சொல்றேன். இங்க நாலு பேர் வாய்ல விழறதைவிட ஈப்போவுல உன்னோட வந்து இருக்கட்டும். நம்ம குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“மானத்தை மைக்ல போட்டது யாரு சித்தப்பா?”

“எய்ட்ஸ் வந்தவங்க கையில பால்குடத்தைக் குடுக்கச் சொல்றியா? ஊருக்கே தீட்டு!”

“எங்கம்மாவுக்கு எய்ட்ஸ் இல்ல!”

கத்திவிட்டாள். கிராணி கையிலிருந்த பேனா உருண்டது.

“இல்லையா?”

“எச்.ஐ.வி. அது கிருமி. மருந்து இல்லாம விட்டா, பல வருஷத்துல உடம்போட எதிர்ப்புச் சக்தியைத் தின்னு தீர்த்துடும். காய்ச்சல், காசம்னு எது வந்தாலும் தாங்காது. அந்த நிலைக்குத்தான் எய்ட்ஸ்னு பேரு. எங்கப்பா அதுலதான் செத்தாரு. உங்க அண்ணன், சித்தப்பா. எங்கம்மா உடனே டெஸ்ட் எடுத்தாங்க, உடனே மருந்து ஆரம்பிச்சாங்க. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. அரசாங்க கிளினிக்ல சும்மாவே தர்றாங்க. உங்களுக்குச் சக்கரை இருக்கு, மாத்திரை போடறீங்க. அங்கிளுக்குப் பிரஷர் இருக்கு, மாத்திரை போடறாரு. உங்க ரெண்டு பேரையும் வெளிய பெஞ்சுல உக்கார வெச்சோமா?”

கிராணி பாவம்போல் கேட்டார், “அப்ப குணமாயிருச்சா?”

அந்த இடத்தில்தான் திலகா கைப்பேசியை எடுத்தாள். தாப்பா கிளினிக்கில் கொடுத்த ரத்தப் பரிசோதனைக் காகிதம், படமாக. பெரிதாக்கி அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

“படிங்க.”

“திடாக்… டிகெசான்” என்று மலாயில் இருந்ததைப் படித்தார் கிராணி. “கண்டுபிடிக்க முடியலை.”

“ரத்தத்துல எவ்வளவு கிருமி இருக்குன்னு எண்ணற டெஸ்ட் இது. தினமும் மாத்திரை போட்டுப் போட்டு, மெஷினே எண்ண முடியாத அளவுக்குக் குறைஞ்சிருக்கு. முழுசாப் போகலை, உள்ள பதுங்கியிருக்கு. மாத்திரையை விட்டா திரும்பி வரும். ஆனா விடாமப் போட்டுக்கிட்டு இந்த அளவுலயே இருந்தா, கூடப் படுக்கிறவங்களுக்கே தொத்தாது. கொட்டகைப் பிள்ளைங்களுக்கு எப்படித் தொத்தும்?”

வராந்தாவில் சரோஜா தலையைத் தூக்கினாள். கையிலிருந்த கப்பைப் பெஞ்சில் வைத்தாள். திலகா அதைக் கவனிக்கவில்லை. அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

கிராணி வீரப்பனைப் பார்த்தார். வீரப்பன் கூரையைப் பார்த்தார்.

“இது பழைய தேதியா இருக்கே. மூணு மாசம் ஆகப்போகுது” என்றார் கிராணி. “நான் துரைகிட்ட காட்டணும்ல? புதுசா ஒண்ணு எடுத்துட்டு வாங்க. அதுலயும் இதே மாதிரி ‘திடாக்’னு இருந்தா, கொட்டகைச் சாவியை நானே அக்கா கையில குடுக்கறேன்.”

“எழுதிக் குடுங்க.”

“ஆ?”

“வாயால சொன்னது வேணாம். எழுதுங்க.”

எழுதினார். புதுக் காகிதத்திலும் கிருமி இல்லை என்று வந்தால் வேலை. இருக்கிறது என்று வந்தால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் திலகாவின் கையெழுத்து. பட்டதாரிக் கையெழுத்து, அழுத்தமாக, கோடு போட்டு.

காகிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்கு மலையே தன் உயரத்துக்கு இறங்கி வந்துவிட்டது போல் இருந்தது.

“வாம்மா. நாளைக்கே தாப்பாவுக்கு இறங்கி ரத்தம் குடுத்துடலாம்.”

சரோஜா முன்னால் நடந்தாள். தேயிலைப் பாத்திக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. மேல் சரிவில் நாலைந்து பங்களாதேஷ்காரர்கள் பெரிய கத்திரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி யாரும் இல்லாத இடம் வந்ததும் சரோஜா நின்றாள்.

“டெஸ்ட் வேணாம் திலகா.”

“ஏன்?”

“வேணாம்னா வேணாம்.”

“இவ்வளவு தூரம் பேசிட்டு வந்திருக்கேன்! வெறும் ரத்தம்தானேம்மா. ஊசிக்கா பயம்?”

“நான் மாத்திரையை நிறுத்திட்டேன்.”

காற்று தேயிலையைப் புரட்டிவிட்டுப் போனது. திலகாவுக்கு முதலில் சொல் புரிந்தது. அர்த்தம் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“எப்பலேருந்து?”

“அந்தக் காகிதம் வந்ததுலேருந்து. பத்து வாரம் இருக்கும்.”

“உனக்கு என்ன பைத்தியமாம்மா? யாரு நிறுத்தச் சொன்னா? டாக்டர் சொன்னாரா? கிளினிக் மிஸ்ஸி சொன்னாங்களா?”

“நீதான் சொன்ன.”

“நானா!”

“காகிதத்தைப் படம் புடிச்சு உனக்கு அனுப்பச் சொன்ன. அனுப்பினேன். உடனே போன் போட்ட. ஆபீஸ்ல இருந்த போல, அவசரமாப் பேசின. என்ன சொன்ன? ‘அம்மா, இல்லைன்னு வந்துருச்சும்மா, இல்லைன்னு வந்துருச்சு!’ அழுத. நானும் அழுதேன்.”

திலகாவுக்கு நினைவிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். படிக்கட்டில் நின்று பேசியது. ஒரு நிமிடம்கூட இருக்காது.

“போனை வெச்சதும் நேரா ஆத்தா சன்னதிக்குப் போனேன். அவர் செத்த அன்னிக்கே வேண்டிக்கிட்டேன், இது என்னை விட்டுப் போச்சுன்னா பால்குடம் எடுக்கறேன்னு. போயிருச்சுன்னு என் புள்ளையே சொல்லிட்டா, காகிதமும் சொல்லிருச்சு. அதுக்கப்புறமும் மாத்திரையைத் தின்னா, ஆத்தாளைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகாதா? மறுநாள்லேருந்து தொடலை.”

“அம்மா, ‘இல்லை’ன்னா… எண்ண முடியலைன்னு அர்த்தம்மா. மருந்துதான் அடக்கி வெச்சிருக்கு…”

“இப்பத்தான் கேட்டேன், வராந்தாவுல உக்காந்து.” சரோஜாவின் குரல் உயர்ந்தது. திலகா தன் வாழ்நாளில் இரண்டோ மூன்றோ முறைதான் அதைக் கேட்டிருக்கிறாள். “உள்ள பதுங்கியிருக்கு, மாத்திரையை விட்டா திரும்பி வரும். எவ்வளவு அழகா எடுத்துச் சொன்ன! கிராணிக்குச் சொன்ன. உன் சித்தப்பனுக்குச் சொன்ன. காலையில யோகேஸ்வரிக்குப் பாடமே நடத்தின. ரத்தம் யாரோடது? என்னோடது. எனக்கு ஏன்டி சொல்லலை?”

திலகா சொல்லவில்லைதான். அம்மாவுக்கு எதற்கு விளக்கம், மாத்திரை போட்டால் போதும் என்று நினைத்தாள். அதுதான் நிஜம். மூன்று நாளாக லயத்தையே அறிவில்லாதவர்கள் என்று திட்டிக்கொண்டிருந்தவள், சொந்த அம்மாவை அறிவு தேவைப்படாதவள் என்று வைத்திருந்தாள்.

“சரி, நீ சொல்லாம விட்டதை விடு” என்றாள் சரோஜா. “இன்னொண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. தொட்டா வராது, தூக்கினா வராது, சோறு ஊட்டினா வராதுன்னியே, அது மாத்திரை தின்னாத்தானா? இல்ல, எப்பவுமேவா?”

“எப்பவுமேதான். கிருமி எவ்வளவு இருந்தாலும் அதுலல்லாம் வராது.”

“அப்படின்னா எதுக்கு அந்தக் காகிதத்தை நீட்டின?”

திலகா கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“காகிதத்துல ‘இருக்கு’ன்னு வந்தா நான் புள்ளைங்களைத் தொடக் கூடாதுன்னு நீயே ஒத்துக்கிட்டு வந்துட்ட. கையெழுத்தும் போட்டுட்ட. உன் சித்தப்பன் சொன்னதுக்கும் நீ எழுதிக் குடுத்ததுக்கும் என்ன வித்தியாசம்? அவர் வாயால சொன்னாரு. நீ ரசீது வாங்கிட்டு வந்திருக்க.”

பிளாஸ்டிக் பைத் தேநீரைவிட அது கசந்தது. மடித்து வைத்திருந்த காகிதம் கையில் சுட்டது.

திலகா அங்கேயே, பாத்தி ஓரத்தில் நின்றபடியே, தாப்பா கிளினிக்குக்குப் போன் போட்டாள். இந்த முறை ஒலிபெருக்கியில் போட்டு, அம்மாவுக்கும் கேட்கும்படி பிடித்தாள். நர்ஸ் மிஸ்ஸி மலாயில் பேசினாள். திட்டவில்லை. மருந்தை நீங்களாக மறுபடி ஆரம்பிக்க வேண்டாம், நாளைக் காலையில் உங்கள் அம்மா மக்சிக்கை அழைத்து வாருங்கள், டாக்டர் பார்த்து ரத்தம் எடுத்துவிட்டுச் சொல்வார், மிச்ச மாத்திரையையும் கொண்டு வாருங்கள் என்றாள். நடுவில் விட்டவர்கள் நிறையப் பேர் திரும்பி வந்து நன்றாக இருக்கிறார்கள் என்றாள். மக்சிக் வருவதுதான் முக்கியம்.

சரோஜா கைப்பேசிக்கு அருகே குனிந்தாள். “மிஸ்ஸி, சாயா டாத்தாங். பெசோக்.” வருகிறேன், நாளைக்கு. அவளுடைய லயத்து மலாய் மிஸ்ஸிக்குப் போதுமானதாக இருந்தது.

“நான் போய் இந்தக் காகிதத்தைக் கிழிச்சு அங்கிள் மூஞ்சியில போட்டுட்டு வர்றேன்” என்றாள் திலகா.

“நீ சும்மா வா. நான் பேசறேன்.”

“நீயா?”

“ரெண்டு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தது எனக்காகன்னு நெனச்சியா? செத்தவர் பேரு கெடக் கூடாதுன்னு இருந்தேன். அந்தப் பேரைக் காப்பாத்தத்தான் இவங்க என் பேரை மைக்ல போட்டாங்க. போதும்.”

கீழே ஆபீஸில் இரண்டாவது சுற்றுத் தேநீர் நடந்துகொண்டிருந்தது. சரோஜா வராந்தா பெஞ்சைத் தாண்டினாள். உள்ளே போனாள். காலியாக இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கிராணி தன் நாற்காலியைக் கால் அடி பின்னால் தள்ளினார்.

“கிராணி ஐயா, என் மக போட்டது அவ கையெழுத்து. என்னோடது இல்ல. நான் ரத்தம் குடுப்பேன், மாத்திரையும் திம்பேன். அது எனக்கு. அந்தக் காகிதத்தை உங்களுக்கும் காட்ட மாட்டேன், துரைக்கும் காட்ட மாட்டேன். பத்தொன்பது வருஷத்துல என் கையில வளர்ந்த ஒரு புள்ளைக்கு என்னால ஒரு கெடுதல் வந்துச்சுன்னு சொல்லுங்க, நானே போயிடறேன்.”

“அண்ணி, நீங்க வெளிய…” என்று ஆரம்பித்தார் வீரப்பன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொழுந்தனாரை நேருக்கு நேர் பார்த்துப் பேசாதவள், அவரை நேராகப் பார்த்தாள்.

“தம்பி, உங்க அண்ணன் சாகறதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே அவருக்குக் கிருமி இருக்குன்னு எழுதி ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு கடுதாசி வந்துச்சாமே? அதைப் பிரிச்சுப் படிச்சவர் நீங்களாமே? கடைசி நாள் அவரே என்கிட்ட சொன்னாரு.”

திலகாவுக்குக் காது அடைத்தது. ஆறு வருடம். அப்போதே ஒருவர் வாயைத் திறந்திருந்தால் அப்பா மருந்து தின்றிருப்பார். அம்மாவுக்கு வராமலே போயிருக்கலாம்.

வீரப்பனின் நெற்றிப் பட்டை வியர்வையில் கரைந்தது. அவர் கிராணியைப் பார்க்காமலே சொன்னார், “தர்மா, அந்தக் கதவைச் சாத்துங்க.”

வெளியே ஆபீஸ் வேலையாக வந்த ஏழெட்டுப் பேர் வராந்தாவில் கூடியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, இடுப்பில் குழந்தையோடு யோகேஸ்வரியும் இருந்தாள்.

“திறந்தே இருக்கட்டும் தம்பி” என்றாள் சரோஜா. “நீங்க பேசின கோயில் வாசலுக்குக் கதவு இருந்துச்சா?”